பெரிய திரை, பெரிய பில்

லயங்களுக்கு முழுநேர மின்சாரம் வராத நாளில், கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியைக் கார் பேட்டரியில் ஓட்டிப் படம் பார்த்தது நம் பெரியவர்களுக்கு மறந்திருக்காது. சின்னப் பெட்டிக்குச் சுமார் 15 வாட் போதும். 1978-இல் மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தது. பின்னர் வீடுகளுக்கு வந்த 21 அங்குலக் குழாய்ப் பெட்டி 80 வாட் அளவுக்கு இழுத்தது. பிளாஸ்மாவோ பெருந்தீனிக்காரன்! 42 அங்குலத்துக்கே 200 வாட்டைத் தாண்டும். இன்றைய 32 அங்குல எல்.இ.டி.க்குச் சுமார் 40 வாட்தான்.

அப்படியென்றால் பில் ஏன் குறையவில்லை என்கிறீர்களா? கணக்குப் போடுங்கள். 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். தினம் 5 மணி நேரம் பார்த்தால், பழைய குழாய்ப் பெட்டிக்கு மாதம் 12 யூனிட். 32 அங்குல எல்.இ.டி.க்கு 6. ஆனால் நாம் அதோடு நிற்கிறோமா? 120 வாட் இழுக்கும் 55 அங்குலத்தை மாட்டினால் 18 யூனிட்! பக்கத்தில் இருக்கும் டிகோடரை மறந்துவிடாதீர்கள். 10 வாட் டிகோடரை இரவு பகலாக அணைக்காமல் விட்டால் மாதம் 7 யூனிட்; சின்ன எல்.இ.டி.யையே மிஞ்சிவிடும்.

தாப்பா பட்டணத்துக் கடையில் விலை கேட்குமுன், பெட்டியில் ஒட்டிய நட்சத்திரச் சீட்டைப் படியுங்கள். நட்சத்திரம் திரையின் அளவைக் கணக்கில் எடுத்துத் தருவது. பெரிய பெட்டிக்கும் ஐந்து கிடைக்கும். அதில் போட்டிருக்கும் வருடாந்தர யூனிட்டைத்தான் ஒப்பிட வேண்டும்.