தண்ணீருக்குள் ஒரு கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் தான் நினைவிற்கு வரும். இவை எதுவும் இல்லாமல், மணிக்கட்டில் கட்டிக் கொண்டு கடலுக்குள் இறங்கும் கம்ப்யூட்டர் ஒன்று உண்டு. அதன் பெயர் டைவ் கம்ப்யூட்டர். செஞ்சிக்காரனான எனக்குக் கோட்டையும் குன்றும் தான் சொந்தம், கடல் இல்லை. ஆனால் சுமார் 70 கி.மீ. தூரத்தில் புதுச்சேரி இருப்பதால் ஸ்கூபா டைவிங் கற்றுக் கொண்டேன். "அந்த வாட்ச் என்ன செய்கிறது?" என்று ஊரில் பலர் கேட்கின்றனர்.

அதற்கு முன் மாஸ்க் பற்றிச் சொல்லி விடுகிறேன். எத்தனை விலை உயர்ந்த கம்ப்யூட்டராக இருந்தாலும், மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் திரையைப் படிக்க முடியாதே! நீச்சல் கண்ணாடி இதற்கு உதவாது. ஆழத்தில் அழுத்தம் கூடும்போது மூக்கு வழியாகச் சிறிது காற்றை மாஸ்க்கினுள் விட வேண்டும். எனவே மூக்கையும் மூடும் மாஸ்க் தான் தேவை. வாங்கும்போது பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை இழுங்கள். கையை எடுத்த பின்னும் ஒட்டி நின்றால் அது உங்களுக்கானது. பட்டையை இறுக்கினால் கசிவு நிற்கும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அதிகம் இறுக்கினால் சிலிகான் ஓரம் மடங்கிக் கூடுதலாகக் கசியும். மீசை வைத்திருப்பவர்களுக்குச் சிறிது கசிவு இருக்கத்தான் செய்யும். படகில் மாஸ்க்கை நெற்றியில் ஏற்றி வைக்காதீர்கள். ஒரு அலை போதும், கடலுக்குப் போய்விடும். கழுத்தில் தொங்க விடுங்கள்.

இனி கம்ப்யூட்டர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு மடங்கு காற்றழுத்தம் கூடுகிறது. 20 மீட்டரில் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. அப்போது நாம் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் உடலில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால், கோலி சோடாவைத் திறந்தது போல அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டு வலி முதல் பக்கவாதம், மரணம் வரை ஏற்படலாம். 1908ல் ஹால்டேன் என்ற விஞ்ஞானி இதற்கான அட்டவணைகளை வெளியிட்டார். அந்தக் கணக்கைத் தான் டைவ் கம்ப்யூட்டர் நொடிக்கு நொடி போடுகிறது. அழுத்த சென்சாரும் கடிகாரமும் இன்புட். இந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம் என்பது அவுட்புட்.

ஒன்றை மறக்காதீர்கள். அது உங்கள் இரத்தத்தைச் சோதிப்பதில்லை. கணக்கு மட்டுமே போடுகிறது. தவறான தகவல் கொடுத்தால் தவறான விடை தான் வரும். சிலிண்டரில் சாதாரண காற்று இருக்க, செட்டிங்கில் 32 சதவீத ஆக்சிஜன் கொண்ட நைட்ராக்ஸ் என்று விட்டு வைத்தால், பாதுகாப்பான நேரத்தைவிட அதிக நேரத்தைக் காட்டும். இது உயிருக்கே ஆபத்து. எனவே ஒவ்வொரு டைவிற்கு முன்னும் வாயு செட்டிங்கைப் பாருங்கள். ஒரே கம்ப்யூட்டரை இருவர் பகிர்ந்து கொள்ளவும் கூடாது. காலையில் நீங்கள் இறங்கியதை அது நினைவில் வைத்திருக்கும்; மாலையில் நண்பர் கட்டிக் கொண்டால் அவர் உடலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மற்ற சாதனங்களை டைவிற்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். நம் கடல் வெதுவெதுப்பானது, 3 மி.மீ. வெட்சூட் பெரும்பாலும் போதும். இரவு டைவ் என்றால் ஒன்றுக்கு இரண்டு டார்ச் வேண்டும்.

டைவ் முடித்த கையோடு விமானம் ஏறக் கூடாது. ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ்கள் என்றால் 18 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. மலைக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. எங்கள் ராஜகிரி சுமார் 800 அடி தான்; அந்த உயரம் பிரச்னை இல்லை. ஆனால் கடலில் இருந்து நேராகக் கொடைக்கானலுக்குக் கார் ஏறுவது 7,000 அடி சமாச்சாரம். வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் நம் வழக்கமான கம்ப்யூட்டருக்கு வேலை. சப்சர்ஃபேஸ் என்ற இலவச புரோகிராம் உள்ளது. 2011ல் இதனைத் தொடங்கியவர் யார் தெரியுமா? லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ்! அவரும் டைவிங் பிரியர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இது இயங்கும். யு.எஸ்.பி. கேபிள் அல்லது புளூடூத் மூலம் இணைத்து டைவ்களை இறக்கினால், ஆழமும் நேரமும் வரைபடமாகக் கிடைக்கும். மேலே வந்த வேகத்தை அதில் பாருங்கள். நிமிடத்திற்கு 9 மீட்டரைத் தாண்டிய இடம் இருந்தால், அடுத்த முறை அங்கே நிதானியுங்கள். டைவ் கம்ப்யூட்டரில் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். இல்லையெனில் கேமராவில் எடுத்த படங்கள் எந்த டைவில் எடுத்தவை என்று பொருத்த முடியாது.