ஆசிரியப் பயிற்சி பெறுவோர்க்குச் சில யோசனைகள்

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், ஆசிரியத் தொழிலை நாடும் இளைஞரும் நங்கையரும் பலர். அவர்களுக்குப் பாடநூல்களைக் கற்பது அத்துணைக் கடினமன்று. எதற்கு, எப்பொழுது ஆயத்தமாவது என்பதே கடினம். அதுபற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

முதலாவதாக, எந்த வகுப்பினர்க்குக் கற்பிக்க விரும்புகிறோம் என்பதைப் பயிற்சியில் சேருமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். என் தமக்கையின் மகள் தில்லியில் பட்டம் பெற்றபின் பி.எட். படித்தாள். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பதே அவள் ஆசை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2018-ஆம் ஆண்டு அறிவிக்கை அதற்கு இடமளித்திருந்தது. ஆயின், அவ்வறிவிக்கை செல்லாது என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2023 ஆகஸ்டு 11-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் போன்ற தனிப்பயிற்சியே உரியது என்றாயிற்று. சில நாள் வாடியிருந்தவள், பின்னர் மனந்தேறி, மேல்வகுப்புக் கணிதத்துக்குத் தன்னை ஆயத்தம் செய்துகொண்டாள். உழைப்பு வீணாகவில்லை, ஆயினும் ஆசை வேறு, வழி வேறு ஆயிற்று. ஆகவே, சேரும் ஆண்டின் விதிகளைக் கேட்டறிவது முதற் கடமை.

அடுத்தது, காலப் பங்கீடு. 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி பி.எட். பயிற்சி ஈராண்டு, ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்புகளுக்கு 80 விழுக்காடும், பள்ளியில் பெறும் பயிற்சிக்கு 90 விழுக்காடும் வருகை வேண்டும். பள்ளிப் பயிற்சி 20 வாரங்கள். அதில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில் வருகின்றன. அவ்வாரங்களில் பகலெல்லாம் பள்ளியில் கழியும். இரவில் மறுநாள் பாடத்திட்டம் எழுத வேண்டும். ஆதலால், கல்வி உளவியல் போன்ற பாடங்களின் முதல் வாசிப்பை அதற்கு முன்பே முடித்துவிடுதல் நலம். வாரந்தோறும் ஒரு மாலைப் பொழுதைப் பதிவேடுகளுக்கென ஒதுக்கி வைத்தால், ஆண்டிறுதியில் கண்விழிக்க நேராது.

பாடத்திட்டம் எழுதுவதில் பலரும் தவறுவது நோக்கத்தைக் குறிப்பதில்தான். ‘பின்னங்களைக் கற்பித்தல்’ என்பது ஆசிரியரின் வேலை, அது நோக்கமாகாது. ‘அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்பதை மாணவன் படம் வரைந்து காட்டுவான்’ என்று எழுதுங்கள். அப்பொழுதுதான் மணி அடித்தபின், பாடம் பயனளித்ததா என்பதை அளந்தறிய முடியும்.

நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறையையும் அலட்சியம் செய்யலாகாது. 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றிய முறை இது. நம் நாட்டு வழக்கப்படி 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் குறை நிறை கேட்டல், 12 நிமிடம் திருத்தி எழுதல், மீண்டும் 6 நிமிடம் கற்பித்தல், 6 நிமிடம் கேட்டல் என 36 நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். வினாக் கேட்டல், கரும்பலகையில் எழுதல் என ஒரு சமயத்தில் ஒரே திறனைப் பழக வேண்டும். தோழர்கள் கூறும் குறைகளை நாணாமல் குறித்துக்கொள்க.

இறுதியாக, மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு. 2011 முதல் நடைபெற்றுவரும் இத்தேர்வில் 150 வினாக்களுக்கு 150 நிமிடங்கள் என்பது வழக்கம். பொதுப் பிரிவினர்க்குத் தேர்ச்சி 90 மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. மொழிப்பகுதிகள் இரண்டு, ஒவ்வொன்றிலும் 30 வினாக்கள். தமிழையும் அவற்றுள் ஒன்றாகத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் கணிதம் முதலிய பிற பகுதிகளின் வினாக்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருக்கும். மேலும், வீட்டில் தமிழ் பேசுவது வேறு. அச்சிட்ட உரைப்பகுதியை விரைந்து படித்து விடை காண்பது வேறு. பள்ளியில் தமிழ் பயிலாதவர்கள், விண்ணப்பத்தை நிரப்புமுன் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். தடையின்றி எழுதினால் தமிழையே எடுங்கள். இன்றேல், நாள்தோறும் தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பக்கம் வாசிக்கத் தொடங்குங்கள். அடுத்த தேர்வுக்குள் அத்தடை நீங்கிவிடும்.