கீலும் தாழும்

பழைய வீட்டைப் புதுக்குவோர் சுவருக்குத் தீட்டும் வண்ணத்தைப்பற்றிப் பத்து நாள் ஆராய்வர். தரைக்கு இடும் கல்லைத் தெரிந்தெடுக்க அயலூருக்கும் செல்வர். கதவின் கீலையும் தாழையும் கைப்பிடியையும் மட்டும், தச்சர் வேலையை முடிக்கும் நாளில், அண்மையிலுள்ள கடையிற் கண்டவாறு வாங்கி வருவர். ஆயின், சுவரை நாம் கண்ணாற் காண்கின்றோமேயன்றிக் கையால் தொடுவது அரிது; நாள்தோறும் பன்முறை நம் கை படுவது தாழிலும் பிடியிலுமே. சிறியனவாகிய இவ்வுறுப்புக்கள் பிழைபடின் பெரிய கதவும் பயனற்றதாகும்.

எம் இல்லத்தை அண்மையிற் புதுக்கியபொழுது இவ்வுண்மையை யாம் வருந்திக் கற்றோம். குளியலறைக் கதவிற்கு வழவழப்பான உருண்டைக் குமிழொன்றை அழகு கருதி அமைத்தோம். மூட்டுவாதத்தால் விரல் மடங்கிய எம் பாட்டியார் ஒருநாள் உள்ளே சென்றவர், ஈரக்கையால் அதனைத் திருப்பவியலாது அரைமணி நேரம் அடைபட்டிருந்தார். வெளியிலிருந்து திறத்தற்கும் வழியில்லை. தச்சர் வந்து குமிழைப் பெயர்த்த பின்னரே அவர் வெளிவந்தார். வந்தவர், “கதவைக் குறை சொல்லாதேயுங்கள், என் கைதான் கிழடாகிப் போயிற்று” என்றார். அச்சொற் கேட்டு யாம் நாணினோம். குற்றம் அவர் கையினதன்று, எம் தேர்வினதே.

ஆதலின், கதவு, சாளரம், அலமாரி ஆகியவற்றின் உறுப்புக்களைத் தெரிவோர் மூன்று வினாக்களை வினவிக்கொள்ளல் வேண்டும். இஃது எப்பாரத்தைத் தாங்குவது? எக்காற்றில் நிற்பது? எக்கை இதனைத் தொடுவது?

முதலாவது பாரம். கதவின் நிறை மேற்கீலை நிலையினின்றும் இழுக்கும்; கீழ்க்கீலை நிலையை நோக்கித் தள்ளும். எனவே முதலில் தளர்வது மேற்கீலே. ஏழடி உயரமுள்ள தேக்கங்கதவிற்கு மூன்று கீலேனும் வேண்டும். கீல் எத்துணைத் தடித்ததாயினும், திருகாணி குட்டையாயின் பயனில்லை. துணியலமாரிக்கோ, வெளியே தோன்றாத கீலை இந்நாளிற் பெரிதும் அமைக்கின்றனர். கடைக்காரர் இதனை ‘ஆட்டோ ஹிஞ்சு’ என்பர். கதவின் உட்புறத்தே 35 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டக்குழி தோண்டி, கீலின் கிண்ணத்தை அதனுட் பதிப்பர். பின்னாளிற் கதவு சற்றே சாயினும், கீலிலுள்ள திருகாணியைத் திருப்பி நேராக்கலாம் என்பது இதன் சிறப்பு. ஆயின், மரத்தூளை அழுத்திச் செய்த பலகையிற் பலகாற் கழற்றிப் பூட்டிய திருகாணி இறுகப் பற்றாது. ஆதலின், நன்கு அளந்த பின்னரே துளையிடல் வேண்டும்.

இரண்டாவது காற்று. எம் ஊர் கடலோரத்தது. அங்கு உப்புக் காற்றினால் இரும்பு விரைவில் துருவேறும். துரு, தான் தோன்றிய இரும்பினும் மிகுந்த இடத்தை அடைப்பதாகலின், கீலைச் சூழ்ந்த மரத்தையும் பிளக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை கறுப்பினும் துருப்பிடிப்பதில்லை. பித்தளைக் கீலுக்குப் பித்தளைத் திருகாணியே ஏற்றது. இரும்புத் திருகாணியிடின் உப்பீரத்தில் அவ்விரும்பு முன்னரே அழியும். பித்தளைத் திருகாணி மெல்லியதாகலின், அதே அளவுள்ள இரும்புத் திருகாணியால் முதலில் வழி செய்து, அதனைக் கழற்றிய பின் இதனைச் செலுத்துவது தச்சர் வழக்கம்.

துருவேறா எஃகிலும் வகை பல. 304 என்னும் வகையில் நூற்றுக்கு 18 பங்களவு குரோமியமும் 8 பங்களவு நிக்கலும் உள. 316 என்பதில் இவற்றோடு 2 முதல் 3 பங்கு வரை மாலிப்டினமும் சேர்தலின், அஃது உப்புக் காற்றை நன்கு எதிர்க்கும். விலை குறைந்த 202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசை மிகுத்துள்ளனர். கடலோரத்திற்கு அது தகாது. காந்தம் ஒட்டாததே நல்ல எஃகு என்று கூறுவாருமுளர். 202-இலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாதாகலின் அச்சோதனை போதாது. வெளிப்புறம் திறக்கும் சாளரக் கதவிற்குக் கொக்கியும் இன்றியமையாதது. அஃதின்றேல் காற்று கதவை மோதிக் கண்ணாடியை உடைக்கும்.

பூட்டைப்பற்றியும் ஒரு சொல். பல்லாண்டாகத் திறக்கவொண்ணாதது எனப் பெயர்பெற்ற பிராமா பூட்டை, 1851-ஆம் ஆண்டில் இலண்டனிற் பொருட்காட்சி நடந்த காலத்து, ஆல்பிரெட் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கர் சாவியின்றித் திறந்து காட்டினார். 1861-இல் லைனஸ் யேல் உரிமை பெற்ற பூட்டின் முறையே இன்றும் பெருவழக்கிலுள்ளது. அதனுள் நீளம் வேறுபட்ட சிற்றூசிகள் நிற்கும். உரிய சாவி அவற்றையெல்லாம் ஒரே வரையில் நிறுத்தினாலன்றி உருளை திரும்பாது. நம் நாட்டுத் திண்டுக்கல் பூட்டு 2019-இற் புவிசார் குறியீடு பெற்றது. எனினும், பூட்டு வலியதாய் நாதாங்கி நொய்யதாயின், கள்வர் பூட்டைத் தீண்டாமலே உட்புகுவர்.

மூன்றாவது கை, இதுவே தலையாயது. உருண்டைக் குமிழை இறுகப் பற்றித் திருப்ப விரல்வலி வேண்டும். நீண்ட பிடியையோ உள்ளங்கையாலேனும் முழங்கையாலேனும் அழுத்தலாம். சிறுவர்க்கும் முதியோர்க்கும் எட்டுமாறு தரையினின்றும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில் அதனை அமைத்தல் நன்று. குளியலறைத் தாழ், இடருற்ற காலத்து வெளியிலிருந்தும் ஒரு காசைச் செருகித் திறக்கத்தக்கதாயிருத்தல் வேண்டும்.

ஹோல்மன் ஹண்ட் என்னும் ஆங்கில ஓவியர் தீட்டிய ‘உலகின் ஒளி’ என்னும் படத்தைக் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றிற் காணலாம். அதன் மூலம் ஆக்ஸ்போர்டிலுள்ள கீபிள் கல்லூரியில் இருக்கின்றது. ஆண்டவர் கதவைத் தட்டி நிற்க, அக்கதவின் வெளிப்புறத்தே பிடியில்லை; உள்ளிருப்பவரே திறத்தல் வேண்டும் என்பது கருத்து. அதனைப் பன்முறை கண்டிருந்தும், உள்ளிருப்பவர் கைக்குத் திறக்கும் வலியுண்டோ என யாம் எண்ணினோமல்லோம். இன்று எம் குளியலறைக் கதவில் உள்ளது நீண்ட பித்தளைப் பிடி. கடையில் அதனை வாங்குமுன், பாட்டியாரையே அழைத்துச் சென்று, அவர் கையால் அழுத்திப் பார்க்கச் செய்தோம்.