மர மணிக்கூடும் கைவினை அறிவும்

நடைமுறைத் தேவைக்குப் பயன்பட்ட முதலாவது தானியங்கி இயந்திரம் மணிக்கூடே என மார்க்ஸ் 1863இல் ஏங்கெல்சுக்கு எழுதினார். அதன் வரலாற்றிற் கைவினைஞன் பெறும் இடத்தை நாம் இங்கு நோக்குவோம்.

ஆங்கிலேயத் தச்சரான ஜோன் ஹரிசன் 1713இல் மரச் சக்கரங்கள் கொண்ட ஊசல் மணிக்கூட்டை அமைத்தார். சக்கரத்தை ஒரே பலகையில் வெட்டின், இழைக்குக் குறுக்கே அமையும் பற்கள் எளிதில் முறியும். எனவே, இழை வெளிநோக்கி ஓடுமாறு பற்களைச் சிறு தொகுதிகளாகச் செதுக்கி, ஓக் சக்கர விளிம்பின் பள்ளத்திற் பொருத்தினார். 1722 அளவில் புரொக்கிள்ஸ்பி பார்க்கில் அமைத்த மணிக்கூட்டில், இயல்பாகவே நெய்ப்பசையுள்ள லிக்னம் வைட்டே மரத்தை அச்சுத்தாங்கிகளுக்குப் பயன்படுத்தினார், எண்ணெய் வேண்டப்படவில்லை. இவை மரத்தோடு உழைத்த கை கண்டறிந்த உண்மைகள்.

பின்னர், கடலில் நெடுங்கோட்டை அறிய உதவும் கடிகாரத்தைச் செய்த அவருக்கு, கற்றோர் நிறைந்த நெடுங்கோட்டுச் சபை முழுப் பரிசையும் வழங்கவில்லை. 1773இல் பாராளுமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. அறிவை உழைப்பினின்றும் பிரித்து நோக்கும் வர்க்கப் பார்வை அச்சபையோடு முடிந்துவிடவில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.