புலமைப்பரிசிலும் வரியும்

கல்வி கற்கும் காலத்திற் கைக்கு வரும் பொருள் யாவும் வரிக்குப் புறம்பானது என்பது மாணாக்கர் பலருடைய எண்ணம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் வரிச்சட்டம் அவ்வாறு கொள்வதில்லை. உயர்கல்வி நாடி எம் நாட்டு மாணவரும் அங்குச் செல்லும் இந்நாளில், அச்சட்டத்தின் போக்கை அறிந்திருத்தல் நன்று.

முதற்கண் புலமைப்பரிசிலை நோக்குவோம். அப்பணம் எதற்குச் செலவாயிற்று என்பதே ஈண்டு எழும் வினா. பட்டத்துக்குப் படிக்கும் ஒருவர் அதனைப் போதனைக் கட்டணத்திற்கும், பாடத்துக்கு வேண்டுமென விதிக்கப்பட்ட நூல்கள், கருவிகள் ஆகியவற்றிற்கும் செலவிட்டால் வரியில்லை. உணவு, உறைவிடம், பயணம் என்பவற்றிற்குச் செலவிட்ட பகுதி வருமானமாகக் கொள்ளப்படும். 1986ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் இவ்வெல்லையை வகுத்தது. கற்பித்தல், ஆராய்ச்சி முதலிய பணிகளுக்குக் கைம்மாறாகத் தரப்படுவது, புலமைப்பரிசில் என்னும் பெயரைத் தாங்கினும், பொதுவாக ஊதியமேயாம்.

அடுத்தது சுயதொழில் வருமானம். தொழிலாளி ஒருவரின் முதுமைக்கால ஓய்வூதியத்திற்கும் மருத்துவக் காப்புக்குமுரிய வரியில் அவர் ஒரு பாதியையும் முதலாளி மறுபாதியையும் இறுப்பர். தனிப்பாடஞ் சொல்லிப் பொருளீட்டும் மாணவன் தானே முதலாளியுந் தொழிலாளியும் ஆதலின், இரு பாதியையும் இறுத்தல் வேண்டும். 1951 முதல் நடைமுறையிலுள்ள இவ்வரி இன்று நூற்றுக்கு 15.3 வீதமாகும். தேறிய வருமானத்தின் 92.35 வீதத்தின்மீது இது கணிக்கப்படும். ஆண்டுத் தேறிய வருமானம் 400 டொலரை எட்டினால், வருமான வரிக்கு உட்படாதவரும் இதற்கு உட்படுவர்.

உதாரணமாக, அந்நாட்டு மாணவன் ஒருவன் 20,000 டொலர் புலமைப்பரிசில் பெறுகின்றான் எனக் கொள்வோம். கட்டணத்துக்கும் நூல்களுக்கும் 15,000 டொலர் செல்ல, எஞ்சிய 5,000 டொலர் விடுதிக்குச் சென்றது. தனிப்பாடத்தால் அவனுக்குத் தேறியது 1,000 டொலர். வேறு வருமானம் இல்லையெனின், 6,000 டொலரும் அவனுக்குரிய நியமக் கழிவினுள் அடங்கிவிடும். வருமான வரி இல்லை. ஆயினும் அந்த 1,000 டொலருக்காக ஏறத்தாழ 141 டொலர் சுயதொழில் வரி இறுத்தல் வேண்டும். பெருந்தொகையாகிய பரிசில் வரியின்றி நிற்க, சிறுதொகையாகிய உழைப்பு வரிக்குட்படுதல் நோக்கத்தக்கது.

எம் நாட்டிலிருந்து மாணவர் விசாவிற் செல்வோர் நிலை வேறு. பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகள் அவர்கள் வரிநோக்கில் வதியாதோராகக் கருதப்படுவர். நியமக் கழிவு அவர்க்கில்லை. உடன்படிக்கைச் சலுகை எதுவும் பொருந்தாவிடின், விடுதிக்குரிய அந்த 5,000 டொலரில் 14 வீதமாகிய 700 டொலர் முற்கூட்டியே பிடிக்கப்படும். உண்மையில் இறுக்கவேண்டியது 10 வீதமாகிய 500 டொலரே. எஞ்சிய 200 டொலரைத் திரும்பப் பெறுதற்கு வரி விவரத்திரட்டு அனுப்புதல் வேண்டும். அனுப்பாதார் அதனை இழப்பர். சுயதொழில் செய்தற்கோ அவ்விசா பொதுவாக இடந்தருவதில்லை. இசைவின்றி உழைப்போர் படிப்பையே இழக்க நேரும்.

ஆதலின் மாணவர் பரிசிற் கடிதத்தையும், கட்டணப் பற்றுச்சீட்டுக்களையும், வரவு செலவுக் குறிப்பேட்டையும் முதல் நாள் தொட்டே பேணுவாராக.