வீட்டுக்கு வீடு ஆபரேட்டர்!

சுவரில் ஒரு வெள்ளை வேட்டி. எதிரே ஒரு மேஜை. மேஜை மேல் ஒரு சின்னப் பெட்டி.

இன்று சினிமாக் கொட்டகை இவ்வளவுதான்!

கடலூர் முதுநகரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தலாம். மஞ்சக்குப்பத்தில் பிறந்த நாள் விழாவில் படம் போடலாம். தேவனாம்பட்டினத்தில் கடற்கரை ஓரம் திரை கட்டி, கிரிக்கெட் பந்தயம் பார்க்கலாம். சிதம்பரத்தில் கல்யாண மண்டபத்துச் சுவரில் மணமக்களின் சிரித்த முகத்தைக் காட்டலாம். எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பெட்டி போதும். அதன் பெயர் டிஜிட்டல் புரொஜெக்டர்.

முன்பெல்லாம் படம் காட்டும் இயந்திரத்தை எல்லோரும் தொட முடியாது. கொட்டகையில் அதற்குத் தனி அறை உண்டு. அந்த அறைக்குத் தீப்பிடிக்காத சுவர். உள்ளே, லைசென்சு வாங்கிய ஆபரேட்டர்.

இப்பொழுது தனி அறை இல்லை. லைசென்சு இல்லை. யார் சுவிட்சைப் போடுகிறாரோ, அவரே ஆபரேட்டர்! அவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருக்கலாம். வீட்டு அம்மாவாக இருக்கலாம். எட்டாம் வகுப்பு படிக்கும் பையனாகவும் இருக்கலாம்.

பெட்டி சிறுத்துவிட்டது. பொறுப்பு சிறுக்கவில்லை.

ஏன் அந்தக் கட்டுப்பாடு?

அந்தக் காலத்துக் கட்டுப்பாடு சும்மா வந்தது அல்ல. உயிர்களைப் பறிகொடுத்த பிறகு வந்தது.

1895 டிசம்பர் 28–ந் தேதி, பாரீஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு படம் காட்டினார்கள். இரண்டு ஆண்டு கூட முழுதாக ஆகவில்லை. 1897 மே 4–ந் தேதி, அதே பாரீசில் ஒரு தர்மச் சந்தை நடந்தது. அங்கும் படம் காட்டினார்கள். ஈதர் என்ற திரவத்தில் எரியும் விளக்கு அது. விளக்கு அணைந்தது. ஈதரை ஊற்றினார்கள். இருட்டில் ஒருவர் தீக்குச்சியைக் கிழித்தார். அவ்வளவுதான்! சில நிமிடங்களில் சந்தை சாம்பல் ஆயிற்று. 126 பேர் மாண்டனர். பெரும்பாலோர் பெண்கள்.

தமிழ்நாட்டில் 1905–ல் ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பியவர் சாமிக்கண்ணு வின்சென்ட். திருச்சியில் ரெயில்வே வேலை பார்த்தவர். ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கிக்கொண்டு, கூடாரம் அடித்துப் படம் காட்டினார். அவர் வழியில் பிறகு எத்தனையோ டூரிங் கொட்டகைகள் வந்தன.

அந்த நாளைய பிலிம் சுருள் எளிதில் தீப்பிடிக்கும். பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும்! கோடக் கம்பெனி அந்த வகைப் பிலிமை 1951–ல் நிறுத்தியது.

இன்று பிலிம் இல்லை. ஈதரும் இல்லை. ஆனால் சூடும் மின்சாரமும் இருக்கின்றன. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

பெட்டிக்குள் என்ன?

பல புரொஜெக்டர்களின் உயிர் ஒரு சின்னச் சில்லு. அதில் லட்சக்கணக்கான குட்டிக் கண்ணாடிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் தலைமுடியின் பருமனைவிடச் சிறியது! அமெரிக்காவில் லாரி ஹார்ன்பெக் என்ற விஞ்ஞானி 1987–ல் இதைக் கண்டுபிடித்தார். அந்தக் கண்ணாடிகள் ஒரு வினாடியில் ஆயிரக்கணக்கான தடவை அசைந்து, ஒளியைத் திரைக்குத் திருப்பி விடுகின்றன. அதுவே படம்.

ஒளி எங்கிருந்து வருகிறது? சிலவற்றில் எல்.இ.டி. சிலவற்றில் லேசர். பல கருவிகளில் பாதரச விளக்கு. அந்த விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் அழுத்தம், நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் சுமார் 200 மடங்கு! அதனால்தான் அதை முரட்டுத்தனமாகக் கையாளக் கூடாது.

எங்கே வைப்பது?

ஆடாத மேஜை மேல் வைக்கவேண்டும். மெத்தை, தலையணை, மடித்த துணி ஆகியவற்றின் மேல் வைக்கக் கூடாது. காற்றுத் துளைகள் அடைபடும். சூடு வெளியே போகாது. சுற்றிலும் ஒரு முழம் இடம் விடுங்கள்.

தூரம் எவ்வளவு? கருவியோடு வரும் சிறு புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கும். அது 1.5 என்றால், 6 அடி அகலப் படத்துக்கு 9 அடி தூரம் வேண்டும்.

பெட்டியை அண்ணாந்து வைத்தால் படம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் விழும். அதைச் சரிசெய்யப் பொத்தான் உண்டு. ஆனால் அதை அதிகம் அழுத்தினால் படத்தின் தெளிவு குறையும். பெட்டியை நேராக வைப்பதே நல்லது.

கூரையில் தொங்கவிடுவதானால் வெறும் ஆணியை நம்பாதீர்கள். கான்கிரீட்டில் போல்ட் போட்டு, கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் மாட்டவேண்டும். கீழே உட்காருவது உங்கள் குழந்தை!

கம்பியில் கவனம்

2004 ஜனவரி 23. ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணம். மின்கம்பியில் பிறந்த ஒரு பொறி, ஓலைப் பந்தலில் பற்றியது. மாப்பிள்ளை உள்பட 50–க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். மேளம் கொட்டிய இடத்தில் ஓலம் எழுந்தது.

புரொஜெக்டருக்குப் போவதும் அதே மின்கம்பிதான். இதை மறக்கக் கூடாது.

பிளக்கில் மூன்று முனை இருக்கும். பெரிய முனைதான் எர்த். ‘‘ஓட்டையில் நுழையவில்லை’’ என்று அதை ஒடிக்கிறவர்கள் உண்டு. ஒடிப்பது முனையை அல்ல, உயிர்க் காவலை!

ஒட்டுப் போட்ட கம்பி வேண்டாம். தெருக் கம்பியில் கொக்கி போடவே வேண்டாம். அது திருட்டு மட்டும் அல்ல; எமனுக்கு எழுதும் அழைப்பு.

கம்பியைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோங்கள். நடைபாதையைக் கடந்தே ஆகவேண்டும் என்றால், தரையோடு ஒட்டி நாடா போடுங்கள். இருட்டில் ஓடும் பிள்ளையின் காலில் கம்பி சிக்கினால், பிள்ளையும் விழும், பெட்டியும் விழும்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதானால், முதலில் மின் அழுத்தத்தை அளந்து பார்க்கவேண்டும். நம் வீட்டுக் கருவிகளுக்கு உரியது 230 வோல்ட். இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை அறிந்த கடலூர்க்காரர்களுக்கு இதை அதிகம் சொல்லவேண்டியது இல்லை.

கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. கடற்கரையில் படம் முடிந்ததும் பெட்டியை வெளியிலேயே விட்டுவிடாதீர்கள்.

கண்ணும் கையும்

புரொஜெக்டர் எரியும்போது லென்சுக்குள் உற்றுப் பார்க்கக் கூடாது. லேசர் கருவியானால் இன்னும் அதிக எச்சரிக்கை தேவை. சின்னக் குழந்தைகளைப் பெட்டிக்கு முன்னால் விடாதீர்கள்.

சிறிது நேரம் படத்தை மறைக்க, லென்சுக்கு முன்னால் புத்தகத்தை வைப்பார்கள் சிலர். அதுவும் தவறு. ஒளியோடு சூடும் வருகிறது. புத்தகம் கருகலாம், லென்சும் கெடலாம். படத்தை மறைக்கக் கருவியிலேயே பொத்தான் இருக்கிறது.

அணைப்பதற்கும் முறை உண்டு. பொத்தானை அழுத்திய பிறகும் உள்ளே விசிறி சிறிது நேரம் சுற்றும். விளக்கைக் குளிர வைக்கிறது அது. விசிறி நின்ற பிறகுதான் பிளக்கைப் பிடுங்கவேண்டும்.

பாதரச விளக்கை மாற்றுவதானால், பிளக்கைக் கழற்றி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். விளக்கு வெடித்துவிட்டால் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஜன்னல்களைத் திறங்கள். எல்லோரும் வெளியே போய்விடுங்கள். உடைந்த துண்டை வெறுங்கையால் தொடக் கூடாது.

ஷாக் அடித்தால்...

மின்சாரம் தாக்கியவரைப் பதறிப்போய்த் தொடாதீர்கள். தொட்டவரையும் அது பிடித்துக்கொள்ளும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்கவேண்டும். பிறகு 108–க்குப் போன் செய்யவேண்டும். மெயின் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று படம் தொடங்கும் முன்பே தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். கருவியில் தீப்பிடித்தாலும் மெயினை அணைப்பதுதான் முதல் வேலை. மின்சாரம் இருக்கும்போது தண்ணீரை ஊற்றக் கூடாது.

படம் போடும் முன்...

வீட்டில் ஒருவர் கேட்கட்டும். மற்றவர்கள் பதில் சொல்லட்டும்.

‘‘எர்த் முனை இருக்கிறதா?’’

‘‘காற்றுத் துளை திறந்திருக்கிறதா?’’

‘‘கம்பி காலில் படாமல் இருக்கிறதா?’’

‘‘வாசல் கதவு அடைபடாமல் இருக்கிறதா?’’

‘‘மெயின் சுவிட்சு எங்கே?’’

கேட்டு முடிக்க அரை நிமிடம்கூட ஆகாது. ஐந்துக்கும் சரியான பதில் வந்துவிட்டதா? அறை விளக்கை அணையுங்கள். படம் தொடங்கட்டும்!