மூங்கில் விமானம்: அன்றும் இன்றும்

1909இல் பாரிஸ் அருகே ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டூமாண்ட் பறக்கவிட்ட ‘டெமுவசேல்’ விமானத்தின் எடை நூறு கிலோவைச் சற்றே தாண்டும். இன்று அமெரிக்காவில் உரிமம் இல்லாமலே ஓட்டக்கூடிய ஒற்றை இருக்கை அல்ட்ராலைட் விமானங்களின் எடை வரம்பு 254 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 115 கிலோ. ஒரு மனிதர் பறக்க எவ்வளவு போதும் என்பதை அந்த பிரேசில்காரர் அன்றே கண்டுகொண்டார்.

அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, 1906இல், அவரை உலகறியச் செய்த ‘14-பிஸ்’ வேறு ரகம். பெட்டிப் பட்டங்களை அடுக்கியது போன்ற உருவம், 11 மீட்டருக்கு மேல் நீண்ட இறக்கை, விமானி நின்றபடியே ஓட்ட வேண்டிய கூடை. டெமுவசேலில் இறக்கை 5 மீட்டராகக் குறுகியது. உடற்பகுதி மூன்று மூங்கில் கழிகள்தான். மேலே எஞ்சின், கீழே சக்கரங்களுக்கு நடுவே விமானி.

ஒவ்வொரு பாகமும் இரண்டு வேலை பார்த்தது என்பதில்தான் அதன் அழகு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீர், இறக்கையின் அடியில் ஓடிய மெல்லிய குழாய்களில் காற்றுப்பட்டு ஆறியது. தனி ரேடியேட்டர் பெட்டி தேவைப்படவில்லை. கிடைமட்ட வாலும் செங்குத்து வாலும் ஒன்றாகி, ஒரே மூட்டில் எல்லாப் பக்கமும் திரும்பின. இறக்கையை முறுக்கும் லீவர் விமானியின் கோட்டு முதுகில் செருகப்பட்டிருந்தது. அவர் உடலைச் சாய்த்தால் இறக்கை முறுகும்.

இன்று மூங்கிலின் இடத்தில் அலுமினியக் குழாய், பட்டுக்குப் பதில் பாலியஸ்டர் துணி. பாராசூட்டும் பொருத்திக்கொள்ளலாம். பாதுகாப்பில் இது பெரும் முன்னேற்றம். ஆனால் மேலே இறக்கை, அடியில் திறந்தவெளியில் விமானி என்ற அமைப்பைப் பல அல்ட்ராலைட்டுகளில் இன்றும் காணலாம்.

ரைட் சகோதரர்கள் காப்புரிமைக்காக வழக்காடிய காலத்தில், சாண்டோஸ் டூமாண்ட் தன் வரைபடங்களைக் காசு வாங்காமல் கொடுத்தார். 1910இல் ‘பாப்புலர் மெக்கானிக்ஸ்’ இதழ் அவற்றை வெளியிட்டது. வரைபடம் வாங்கி வீட்டுக் கொட்டகையில் விமானம் கட்டும் ஆர்வலர்கள் இன்றும் பல நாடுகளில் இருக்கிறார்கள். எளிமையாக வடிவமைத்ததால்தான் அவரால் அதைப் பிறர் கையில் கொடுக்க முடிந்தது. பொறியியல் மாணவர்களுக்கு முதலில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதுதான்: அடுத்தவர் கட்டிப் பார்க்கும் அளவுக்கு ஒன்றைத் தெளிவாக்குவதே நல்ல வடிவமைப்பு.